பெட் ஸ்கேன் அறையில் வேலை, பெட்டிக்கடையில் சிகரெட்

"தம்பி, கழுத்தைப் பார்க்கிறீர்கள், நெஞ்சைப் பார்க்கிறீர்கள். அப்படியே இவர் தலையையும் பார்த்து, குடிக்கச் சொல்வது எந்த இடம் என்று சொல்லிவிடக் கூடாதா?"

கேட்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவருக்குத் தொண்டையில் கட்டி; பெட் ஸ்கேனுக்கு அழைத்து வந்திருந்தார். ஊசி போட்டு அவரை உள்ளே படுக்க வைத்தாயிற்று. இனி ஒரு மணி நேரம் அவர் பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பேசினால் குரல்வளைத் தசை மருந்தை இழுத்துக்கொண்டு, படத்தில் கட்டியைப் போலவே பளிச்சிடும். கணவர் வாய் திறக்க முடியாத அந்த ஒரு மணி நேரத்தில், இருபத்தைந்து வருடக் குடித்தனத்தை அந்த அம்மா என்னிடம் சொல்லித் தீர்த்தார். சொல்லிக்கொண்டே அரை அடி பின்னால் நகர்ந்தார். காரணம் எனக்குத் தெரியும். நான் அப்போதுதான் எதிர்க் கடையில் புகைத்துவிட்டு வந்திருந்தேன்.

"ஸ்கேனில் அதெல்லாம் தெரியாது அம்மா" என்று சொல்லி நழுவினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல அன்று எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

சென்னையில் ஒரு மருத்துவமனையின் அணு மருத்துவப் பிரிவில் நான் டெக்னீஷியன். எங்கள் நாள் எப்.டி.ஜி. என்ற மருந்தைச் சுற்றியே ஓடும். சர்க்கரை மூலக்கூறில் கதிரியக்க ஃபுளோரினை ஒட்டிய மருந்து அது. கதிரியக்க அணுக்களை உருவாக்கும் சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்திலிருந்து, விடிவதற்கு முன் ஈயப் பெட்டியில் வந்து இறங்கும். அரை ஆயுள் 110 நிமிடம். ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் டிராபிக்கில் மாட்டிப் பதினொன்றுக்கு வந்தால், அவருக்கென்று வைத்த மருந்தில் பாதி அதுவாகவே கரைந்துபோயிருக்கும். எங்கள் துறையில் கடிகாரம் பார்க்காதவன் பிழைக்க முடியாது.

நெஞ்சில் கதிர்வீச்சை அளக்கும் பட்டை. அதற்குப் பின்னால், அதே சட்டைப் பையில், சிகரெட் பெட்டி. நாளுக்குப் பன்னிரண்டு, பதினான்கு, இருபத்தொரு வருடம். ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாக நின்று வேலை பார்த்துவிட்டு, வெளியே போய்ப் புகையிலையோடு பொலோனியம்-210-ஐ நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தேன். புகையிலைப் புகையில் அந்தக் கதிரியக்கத் தனிமம் உண்டு. அதன் ஆல்ஃபா கதிர்கள் உள்ளே போனதை என் நெஞ்சுப் பட்டை காட்டாது. இதைப் படித்துச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்போடு ஒன்றைப் பற்றவைத்தவன் நான். அறிவு வேறு, பழக்கம் வேறு.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஆசையோடும் பழக்கத்தோடும் தொடர்புள்ள டோபமைன், மூளைச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பும் ரசாயனம். அது வந்து உட்காரும் இருக்கைகளான ஏற்பிகள் மூளையில் ஐந்து வகை. போதை ஆராய்ச்சியில் அதிகம் அடிபடும் பெயர் டி2. அதைப் படமெடுக்க ரேக்லோபிரைடு என்ற மருந்தில் கார்பன்-11 சேர்த்து ஊசி போடுவார்கள். கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். எங்களுக்கு மருந்து வரும் இடம் வண்டியில் இரண்டு மணி நேரத் தொலைவு. அங்கே ஏற்றியதில் 64-இல் ஒரு பங்குதான் இங்கே வந்து இறங்கும். சைக்ளோட்ரான் பக்கத்து அறையில் இருக்கும் ஆராய்ச்சிக்கூடங்களுக்குத்தான் இது சரிப்படும்.

அந்தப் படத்தில் எதை எண்ணுகிறார்கள்? திருவிழாக் கூட்ட பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பவன் டோபமைன். நின்ற பிறகு ஏறி, மிச்சமுள்ள காலி இருக்கையில் உட்காருபவன் ரேக்லோபிரைடு. இவன் மேல் மட்டும்தான் விளக்கு எரியும். ஸ்கேனர் எண்ணுவது இவனைத்தான். எண்ணிக்கை குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். இருக்கைகளே குறைவாக இருக்கலாம். அல்லது துண்டுகள் அதிகமாக இருக்கலாம். ஒரே படத்தை வைத்துக்கொண்டு எது என்று அடித்துச் சொல்ல முடியாது. "டோபமைன் குறைந்துவிட்டது" என்று வாட்ஸ்அப்பில் வரும் சிவப்பு மஞ்சள் மூளைப் படங்களுக்குக் கீழே இதை யாரும் எழுதுவதில்லை.

போதை ஆராய்ச்சியில் தவிர்க்க முடியாத பெயர் நோரா வோல்கோ என்ற மனநல மருத்துவர். ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியின் கொள்ளுப்பேத்தி, அவர் 1940-இல் கொல்லப்பட்ட மெக்சிகோ நகரத்து வீட்டிலேயே வளர்ந்தவர். நியூயார்க் மாநிலத்தில் லாங் தீவிலுள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில், 1990களின் தொடக்கத்தில், கோகைனுக்கு அடிமையானவர்களின் மூளையை அவர் குழு படமெடுத்தது. டி2 ஏற்பிகள் குறைந்திருந்தன. போதையை விட்டு மூன்று நான்கு மாதம் ஆன பிறகும் குறைந்தே இருந்தன. அதே ஆட்களுக்கு எப்.டி.ஜி.யும் போட்டுப் பார்த்தார்கள். டி2 எவ்வளவு குறைவோ, கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி அவ்வளவு மந்தமாகச் சர்க்கரையை எடுத்தது. நல்லது கெட்டதை எடைபோட உதவும் பகுதி அது.

எனக்குத் தனிப்பட்ட முறையில் சுவாரசியமாக இருந்தது வேறு. நான் தினமும் ஊசியில் ஏற்றும் எப்.டி.ஜி. முதலில் தயாரானதும் அதே புரூக்ஹேவனில்தான். 1976 ஆகஸ்டில் அங்கே செய்து, விமானத்தில் ஃபிலடெல்ஃபியாவுக்கு அனுப்பி, முதல் மனிதருக்குப் போட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த ஜோன்னா ஃபௌலர் இருபது வருடம் கழித்து, 1996-இல், புகைப்பவர்களின் மூளையை ஆராய்ந்தார். டோபமைனைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.-பி என்ற நொதி, புகைக்காதவர்களைவிட அவர்களுக்கு 40 சதவீதம் குறைவாக இருந்தது. நிகோடின் ஒரு பக்கம் டோபமைனைச் சுரக்க வைக்கிறது. புகையிலுள்ள வேறு ஏதோ ஒன்று, அதைத் துடைத்தெடுக்கும் கையைக் கட்டிப்போடுகிறது. என் தொழிலின் பாட்டி வீட்டிலேயே என்னைப் பற்றியும் எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் டி2 குறைந்ததால் அடிமையா, அடிமையானதால் டி2 குறைந்ததா? இரண்டுக்கும் சாட்சி உண்டு. அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் குரங்குகளைத் தனித்தனிக் கூண்டிலிருந்து எடுத்துக் கூட்டாக அடைத்தார்கள். மூன்று மாதத்தில் கூட்டத்தை ஆண்ட குரங்குகளுக்கு டி2 கூடியிருந்தது. அவை கோகைனை அவ்வளவாக நாடவில்லை. அடங்கிப்போன குரங்குகளுக்கு அது கூடவில்லை; அவை அதிகம் நாடின. இது 2002-இல் வந்த ஆய்வு. (என் மேலதிகாரிகள் யாரும் புகைப்பதில்லை என்பதை இதோடு முடிச்சுப் போட வேண்டாம் என்று நானே என்னை அடக்கிக்கொண்டேன்.) 2006-இல் அதே இடத்திலிருந்து இன்னொன்று: கோகைன் கொடுத்த ஒரே வாரத்தில் டி2 அளவு 15 முதல் 20 சதவீதம் இறங்கியது. ஒரு வருடம் கொடுத்து நிறுத்தியபோது சில குரங்குகளுக்கு மூன்று மாதத்தில் மீண்டது. சிலவற்றுக்கு ஒரு வருடமாகியும் மீளவில்லை. கஞ்சா விஷயத்தில் டி2 குறைவு என்ற முடிவே திடமாக வரவில்லை. ஆக, எல்லாப் போதைக்கும் ஒரே கணக்கு இல்லை.

இன்னொன்றைத் தொழில் தெரிந்தவனாகச் சொல்கிறேன். அந்தப் படங்களின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பது கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆள். நிற அளவுகோலின் உச்சியைக் கொஞ்சம் கீழே இழுத்தால், சோர்ந்த மூளையையும் நெருப்பாகக் காட்டுவேன். மேலே தள்ளினால் உங்கள் மூளையையும் அணைத்துவிடுவேன். ஆய்வாளர்கள் நம்புவது எண்களை. அவையும் ஒரு குழுவின் சராசரி. அடிமையானவர்களிலும் ஆகாதவர்களிலும் ஒரே எண் உள்ளவர்கள் இருப்பார்கள். ஒருவர் தலையைப் படமெடுத்து "நீ குடிகாரன்" என்று சொல்லும் ஸ்கேன் கிடையாது. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவும் தெரிந்தவன் எப்படி விட்டேன்? முதலில் எப்படி விடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

முதல் முறை ஜனவரி 1. வைராக்கியம் மட்டும்தான் கையிருப்பு. நான்கு நாள் வந்தது. இரண்டாம் முறை 41 நாள் ஓடியது. மாமா இறந்த வீட்டில், பந்தலுக்கு வெளியே, சித்தப்பா மகன் பாதி எரிந்ததை நீட்டினான். ஒரே ஒரு இழுப்பு. துக்க வீட்டில் ஒரு இழுப்பில் என்ன வந்துவிடப்போகிறது என்றுதான் வாங்கினேன். மூன்றாம் நாள் முழுப் பெட்டி சட்டைப் பையில் இருந்தது.

அந்த ஒரு இழுப்பின் கணக்கைப் பின்னால்தான் படித்தேன். நிகோடின் நேராகப் போய் உட்காருவது டோபமைன் ஏற்பியில் அல்ல. அதற்கென்று வேறு ஏற்பிகள் உண்டு. அவை தூண்டப்பட்டால்தான் டோபமைன் சுரக்கும். 2006-இல் லாஸ் ஏஞ்சலஸில் பெட் ஸ்கேன் வைத்து அளந்தார்கள். ஒன்றிரண்டு இழுப்பிலேயே அந்த ஏற்பிகளில் பாதி நிரம்பிவிடுகிறது, மூன்று மணி நேரத்துக்கு. முழு சிகரெட் என்றால் 88 சதவீதத்துக்கு மேல். நான் "ஒரே ஒரு" என்று நினைத்தது பஸ்ஸில் பாதியை நிரப்பியிருக்கிறது. இதைப் படித்த பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக் குறைத்து விடும் எண்ணத்தை நான் கைவிட்டேன். பன்னிரண்டை ஆறாக்கினால் மூளைக்கும் பாதியாகிவிடும் என்பது நம் மனக்கணக்குதான்.

மூன்றாம் முறைக்கு முன் என்னையே இரண்டு வாரம் கவனித்தேன். எப்போது கை பைக்குப் போகிறது என்று ஒரு பழைய நோயாளிப் பட்டியலின் பின்புறத்தில் குறித்தேன். அப்போது தெரிந்தது எனக்கே திகைப்பாக இருந்தது. ஊசி போட்டு முடித்ததும் சிரிஞ்சை ஈயப் பெட்டிக்குள் வைத்து மூடியை மூடுவோம். கனமான மூடி, "டொக்" என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கும் என் கை பைக்குப் போவதற்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளிகூட இல்லை. மருந்து உடம்பில் பரவ ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில்தான் நான் கடைக்குப் போவேன். நாளுக்கு எட்டு நோயாளி, எட்டு டொக், எட்டு சிகரெட். இப்படி எத்தனை வருடம்!

சுவிட்சர்லாந்தில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளிடம் கண்டது இதுதான். பழச்சாறு கிடைக்கும்போது துள்ளிய டோபமைன் செல்கள், பழகிய பிறகு சாறு வருவதைச் சொல்லும் விளக்கு எரியும்போதே துள்ளின; சாறு வந்தபோது சும்மா இருந்தன. 2006-இல் வோல்கோ குழு இதை மனிதரிடம் படமெடுத்தது. கோகைன் பழக்கமுள்ள 18 பேருக்கு ஒரு முறை இயற்கைக் காட்சி வீடியோ, ஒரு முறை கோகைன் எடுப்பவர்களின் வீடியோ. உள்ளே ஒரு துளி கோகைன் போகவில்லை. இரண்டாவது வீடியோவின்போது ரேக்லோபிரைடுக்கு இருக்கை குறைந்தது. வெறும் காட்சிக்கே டோபமைன் துண்டு போட்டுவிட்டது. யாருக்கு அதிகம் போட்டதோ, அவருக்கு ஏக்கமும் அதிகம்.

ஆக நான் சண்டை போட வேண்டியது அந்த டொக்கோடுதான். முதலில் அசட்டுத்தனமாக, மூடிக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டை ஒட்டினேன். கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி மறுநாளே பிய்த்து எடுக்கச் சொன்னார். மூடி சரியாக உட்கார வேண்டுமாம். நியாயம்தான். பிறகு சக ஊழியரிடம் உள்ளதைச் சொன்னேன். இரண்டு மாதம் ஊசியை அவர் போட்டார். நான் கணினியில் உட்கார்ந்தேன். எதிர்க் கடைப் பக்கம் போவதில்லை. அந்தக் கடையில் தீக்குச்சி கேட்க வேண்டியதில்லை. தூணில் ஒரு தேங்காய்நார்க் கயிறு காலையிலிருந்து இரவு வரை நுனியில் கனன்றுகொண்டே தொங்கும். அந்த வாசனைக்கே எனக்கு நாக்கு ஊறும். கேன்டீன் மோருக்கு மாறினேன். இது பெரிய தியாகம் இல்லை, ஆனால் அந்த நேரத்தில் அப்படித்தான் தோன்றியது.

சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைத் தினமும் பார்த்தவன் அன்றுதான் அழைத்தேன். இலவசம். தேதி ஒன்றைக் குறியுங்கள், வீட்டில் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு இரண்டாவதுதான் கஷ்டம்; தோற்றால் தெரிந்துவிடுமே என்ற பயம். சொன்னேன். என் மகள் காலண்டரில் எழுத ஆரம்பித்தாள்.

நிகோடின் கம்மைச் சூயிங்கம் போல மென்று தின்று, முதல் நாளே விக்கல் எடுத்து, தொண்டை எரிந்து அவதிப்பட்டேன். அதை மெல்லக் கூடாது. நாலு முறை கடித்து, காரம் ஏறியதும் கன்னத்து ஓரத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்; காரம் அடங்கினால் மறுபடி கடி. வாயின் தோல் வழியாகத்தான் அது ஏற வேண்டும், விழுங்கினால் வீண். டீ, காபி குடித்த கால் மணி நேரத்துக்குள் போட்டால் சரியாக ஏறாது. கம் பிடிக்காதவர்களுக்கு மாத்திரைகள் உண்டு, மருத்துவர் பார்த்துத் தருவார். வரெனிக்ளின் என்ற ஒன்று நிகோடினின் இருக்கையில் அரைகுறையாக உட்கார்ந்துகொண்டு, நிகோடின் வந்தாலும் இடம் விடாது.

யாரும் எனக்குச் சொல்லாத ஒன்று டீ. புகை, காஃபீனை ஈரல் சீக்கிரம் எரிக்கும்படி செய்கிறது. புகையை விட்டால் அதே ஆறு டீ உடம்பில் அதிகம் தங்கும். முதல் வாரம் கை நடுக்கமும் தூக்கமின்மையும் சிகரெட் இல்லாததால் என்று நினைத்து மிரண்டேன். பாதிக் குற்றவாளி டீ. மூன்றாகக் குறைத்ததும் தூக்கம் வந்தது. மலச்சிக்கலும் வாய்ப்புண்ணும் மூன்று வாரம் படுத்தின. பென்சில் சீவிய குப்பைக்காக மகளிடம் கத்தியது இன்னும் உறுத்துகிறது.

இதையெல்லாம்விடக் கடினம் இரண்டாவது மாதம். ஏக்கம் குறைந்துவிட்டது, ஆனால் எதுவும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வஞ்சிர மீன் குழம்பு வெறும் புளித்தண்ணீராக இருந்தது. கிரிக்கெட் ஓடும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்னால் இரண்டு முறை நான் தோற்றதற்கு இந்த வெறுமையும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். சிகரெட்டைத் தேடியதைவிட, இந்தச் சப்பென்ற உலகத்திலிருந்து தப்பிக்கத் தேடினேன். இந்த முறை கையில் ஒரு ஆய்வு இருந்தது. ஜெர்மனியில் 2016-இல் வந்தது: புகைக்கும் ஆண்களின் மூளையில் டோபமைன் தயாரிக்கும் திறன் 15 முதல் 20 சதவீதம் குறைவு; விட்டவர்களுக்கு மூன்று மாதத்தில் அது மற்றவர்களின் அளவுக்கு வந்துவிட்டது. அரை ஆயுளோடு வாழ்கிறவனுக்குக் காத்திருக்க ஒரு எண் போதும். காலண்டரில் 90-ஐச் சுற்றி வட்டம் போட்டேன்.

தொண்ணூறாவது நாள் ஒன்றும் நடக்கவில்லை. மேளம் கொட்டவில்லை. நூறைத் தாண்டி எப்போதோ, குழம்பில் உப்பு கூட என்று நானே சொன்னேன். வீட்டில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

இப்போது "டோபமைன் விரதம்" என்று ஒன்று கிளம்பியிருக்கிறது. ஒரு நாள் போனைத் தொடாமல், பாட்டுக் கேட்காமல் இருந்தால் ஏற்பிகள் புதிதாகிவிடுமாம். போனைத் தொடாமல் இருப்பது நல்லதுதான். ஆனால் ஒரு நாளில் ஏற்பி முளைத்ததாக எந்த ஸ்கேனும் காட்டவில்லை. டோபமைன் கழித்துக்கட்ட வேண்டிய கசடும் அல்ல. பார்கின்சன் நோயில் அதைச் செய்யும் செல்கள் அழிந்துதான் நடையே தடுமாறுகிறது. அந்த நோய்க்கு டோபமைன் ஏற்பிகளைத் தூண்டும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களில் சிலர், வாழ்நாளில் தொடாத சூதாட்டத்தில் இறங்கியதும் உண்டு. குறைந்தாலும் கூடினாலும் ஆட்டம் காட்டும் சமாசாரம் அது.

ஐந்து மாதம் கழித்து அந்த அம்மா மறு ஸ்கேனுக்குக் கணவரை அழைத்து வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கியதிலிருந்து கணவர் குடிக்கவில்லையாம். நிறுத்தியபோது கை நடுங்கி உளற ஆரம்பித்ததும், புற்றுநோய் மருத்துவரே மனநல மருத்துவரை வரவழைத்து மருந்து கொடுத்திருக்கிறார். அது அவர்கள் அதிர்ஷ்டம். சிகரெட்டை ஒரே நாளில் தூக்கி எறியலாம்; வருடக்கணக்கில் தினமும் குடிப்பவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

"குடிக்கவில்லை, சரி. ஆனால் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறார் தம்பி. பேரனைக்கூடத் தூக்குவதில்லை. இதற்கு அவர் குடித்துக்கொண்டே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது."

அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னேன். பஸ்ஸும் துண்டும் அவருக்குப் புரிந்தது. குடிக்கு அடிமையானவர்களுக்கும் டி2 குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள் என்றும், விட்ட பிறகும் சில காலம் வாழ்க்கை சப்பென்று இருக்கும் என்றும் சொன்னேன். அவருக்கு நாக்கையும் கதிர்வீச்சு சுட்டிருக்கும். எதற்கு எது காரணம் என்று பிரிக்க என்னால் முடியாது என்பதையும் மறைக்கவில்லை. மனநல மருத்துவரிடம் இந்தப் பேரன் விஷயத்தை அப்படியே சொல்லுங்கள் என்றேன். அவர் கேட்டார்: "எத்தனை நாளில் சரியாகும்?" என் 90-ஐ அவருக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. மாதக் கணக்கு, நாள் கணக்கு இல்லை என்று மட்டும் சொன்னேன்.

உள்ளே ஊசிக்கு நேரமாகிவிட்டது. இப்போதெல்லாம் நானே போடுகிறேன், மூடியையும் நானே மூடுகிறேன். நான்கு வருடம் ஆகிவிட்டது. டொக் கேட்டால் கை இன்னும் லேசாக அசையும், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை. சட்டைப் பையில் நெஞ்சுப் பட்டைக்குப் பின்னால் ஒரு கம் அட்டை கிடக்கிறது. போன வாரம் எடுத்துப் பார்த்தேன், காலாவதி தேதி தாண்டியிருந்தது. திரும்ப அங்கேயே வைத்தேன்.